எந்தப் பெட்டியில் வந்த முட்டை

முட்டைக் கடை அக்காவுக்கு நெஞ்சில் நிழல் விழுந்திருக்கிறது என்று தெரிந்த நாளில் எங்கள் சந்தைத் தெருவில் வியாபாரமே ஓடவில்லை. ஓடவில்லை என்று நான் சொல்வது கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். மீன் விற்றது, காய்கறி விற்றது, என் தையல் கடைக்கும் இரண்டு பேர் பொத்தான் வைத்துக்கொள்ள வந்தார்கள். ஆனால் வாங்கினவர்களும் அரை மனதாக வாங்கினார்கள், விற்றவர்களும் அரை மனதாக விற்றார்கள். அக்காவின் சிரிப்புச் சத்தம் இல்லாத தெருவை நாங்கள் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

என் கடைக்கு நேர் எதிரே அவள் கடை. மழைக்காலத்தில் இரண்டு கூரையிலிருந்தும் ஒழுகும் தண்ணீர் நடுத்தெருவில் சேர்ந்து ஓடும். அந்த ஓடையைத் தாண்டித்தான் டீயும் வம்பும் கைமாறும். அவள் கடையின் இருட்டு மூலையில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் குண்டு பல்பு, பெட்டியின் முகத்தில் முட்டை உட்காரும் அளவுக்கு ஓர் ஓட்டை. முட்டையை அதில் வைத்து விரல் நுனியால் ஒரு சுற்று சுற்றுவாள். நல்ல முட்டையென்றால் உள்ளே பூராவும் ஒரே செம்மஞ்சள் வெளிச்சம். நிழல் தட்டினால் இடது பக்கக் கூடைக்குப் போய்விடும். கை இந்த வேகத்தில் ஓட, வாய் என்னோடு பேசிக்கொண்டே இருக்கும். அவள் கடையில் கூமுட்டை வாங்கி ஏமாந்தேன் என்று சொன்ன ஆள் எனக்குத் தெரிந்து கிடையாது. "வெளக்கு பொய் சொல்லாதுடி," என்பாள் பெருமையாக.

அவள் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னைக் கொழுந்தியா என்பார். முட்டை எடுத்து வருவது அவர் வேலை. மலையடிவாரத்துப் பக்கத்துப் பண்ணைக்குத் தினமும் சைக்கிளில் போவார். தூரத்துப் பண்ணைக்கு வாரம் ஒரு தடவை லாரியில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்கப் போய் வருவார். அந்த லாரி டிரைவருக்கு டி.பி. என்று தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்து சாப்பிட்டுத் தேறி வருகிறார், நல்ல மனிதர். அவர் வந்துபோன சந்தையாயிற்றே என்று சுகாதாரத் துறையிலிருந்து நெஞ்சைப் படமெடுக்கும் வண்டி ஒன்றை எங்கள் தெருவுக்கே அனுப்பிவிட்டார்கள்.

எல்லோரும் வரிசையில் நின்றோம். வண்டியில் இருந்த பெண் ஒவ்வொருவரையும் கேட்டாள், "இருமல் இருக்கா? காய்ச்சல் இருக்கா?" மாமாவின் முறை வந்தது.

"இருமலா? எனக்கா?" என்றார், தொண்டைக்குள் ஒன்றை விழுங்கிக்கொண்டே. முகம் தக்காளியாகச் சிவந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான். மூன்று நான்கு வாரமாக அவர் இருமுகிற இருமலுக்குத் தெரு நாய்கூடப் பழகிப்போயிருந்தது. கேட்டால், "கோழி இறகு, வைக்கோல் தூசி," என்பார். வண்டிப் பெண்ணுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

முடிவு வந்தபோது மாமாவின் படம் சுத்தம். அக்காவின் படத்தில் வலது பக்கம் ஒரு நிழல்.

மற்ற சமயமென்றால் அக்கா இதை ஊதித் தள்ளியிருப்பாள். ஆனால் மகள் நிறைமாதமாக இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கின பிள்ளை. பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை, இப்போதைக்கு வர முடியாது. மாமியாரும் கிடையாது. பிரசவத்துக்குக் கூட நிற்க, பிள்ளையைக் கையில் வாங்க இருக்கிற ஒரே ஆள் அக்காதான். பையெல்லாம் கட்டித் தயாராக வைத்திருந்தாள். அந்த நேரத்தில்தான் இந்த நிழல்.

நான் போனபோது அக்கா கடையின் பின்னறையில், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டு, டம்ளர், போர்வை எல்லாவற்றையும் தனியாக ஒதுக்கிவிட்டிருந்தாள்.

"கிட்ட வராதடி. அங்கேயே நில்லு."

"என்னக்கா இது கூத்து? இன்னும் டாக்டரே பார்க்கல."

"டாக்டர் என்னத்தப் பார்க்க? நிழல்னா நிழல்தான். நான் எத்தன முட்டைய ஒதுக்கியிருப்பேன்! இப்ப என்னையே ஒதுக்கிட்டாங்க." குரல் உடைந்தது. "ஒம்பது வருஷம்டி. புள்ளத் தலையில கை வைக்கக் குடுத்து வைக்கல பாரு எனக்கு."

மாமா முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டே வந்தார். சுத்தம் என்று வந்ததிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை.

"எதுக்கு மூக்கச் சிந்துற? நான் எதுக்கு இருக்கேன்? நீ வீட்ல இரு. நான் போறேன் பொண்ணு வீட்டுக்கு. பேரப்புள்ளய மொதல்ல தூக்கப்போறது இந்தக் கைதான்." கையை விரித்துக் காட்டினார். "கொழுந்தியா, கேட்டியா? உங்கக்கா தகரம், நான் சொக்கத் தங்கம்னு படமே சொல்லிருச்சு." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"தங்கத்துக்குத் தூசி ஒத்துக்கல போல," என்றேன்.

மறுநாள் காலை நானும் அக்காவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா சின்ன வயசு, நிதானமான பேச்சு. அக்காவின் முதுகில் குழாய் வைத்துக் கேட்டாள். இருமல், காய்ச்சல், எடை குறைந்தது என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் அக்கா இல்லை என்றாள். எடையைப் பற்றிக் கேட்டபோது மட்டும், "அது எங்கம்மா குறையுது," என்றாள்.

"நான் சொல்றதப் பயப்படாமக் கேளுங்க," என்றாள் டாக்டரம்மா. "உங்கள மாதிரி நல்லா நடமாடுற ஆயிரம் பேருக்குப் படம் எடுக்கறோம்னு வைங்க. அதுல நெஜமா நோய் இருக்கறது அஞ்சு பேருக்கு. அந்த அஞ்சு பேரையும் படம் புடிச்சுடும்னே வைங்க. ஆனா நோய் இல்லாதவங்கள்லயும் நூத்துக்கு அஞ்சு பேருக்கு அது நிழல் காட்டும். பழைய தழும்பு இருக்கும், மூச்ச சரியா இழுத்திருக்க மாட்டாங்க. ஆயிரத்துல அதுவே அம்பது ஆச்சு. ஆக, நிழல்னு சொல்லி என்கிட்ட வர்ற அம்பத்தஞ்சு பேர்ல நோய் இருக்கறது அஞ்சு பேருக்குத்தான். பதினோரு பேர்ல ஒருத்தர்."

"அந்த ஒருத்தி நானா இருந்தா?"

"இருக்கலாம். அதுக்குத்தான் சளிய எடுத்து அனுப்பறேன். ஒரு வாரத்துல தெரிஞ்சுடும். அதுவரைக்கும் மாஸ்க் போட்டுக்குங்க. ஆனா இப்பவே நோயாளின்னு முடிவு கட்டாதீங்க."

வெளியே வந்ததும் கேட்டேன், "புரிஞ்சுதாக்கா?"

"புரிஞ்சுது. நிழல் இருக்குன்னு சொல்றா."

தலையில் அடித்துக்கொண்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தப் பெண் அவ்வளவு பொறுமையாகக் கணக்குச் சொன்னாள், இவள் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான்.

அடுத்த இரண்டு நாளும் விடாத மழை. அக்கா விளக்குப் பெட்டியைப் பின்னறைக்கே தூக்கிக்கொண்டு போய், தனியாக உட்கார்ந்து முட்டை பார்த்தாள். நான் தைக்கிற துணியோடு அந்த அறை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டேன். பேச்சுத் துணை இல்லாமல் அவளை விட்டால் அவளே தன்னைச் சாகடித்துவிடுவாள்.

மத்தியானம் ஆனது. ஆம்லெட் போட அடுப்பைப் பற்றவைத்தாள். அந்த வீட்டில் விளக்கு ஒதுக்கின முட்டையை விற்கவும் மாட்டார்கள், அப்படியே கொட்டவும் மாட்டார்கள். ஒவ்வொன்றாக ஒரு கப்பில் உடைத்து, முகர்ந்து பார்த்து, நன்றாக இருந்தால் வீட்டுக்கு. கெட்டிருந்தால் மட்டும் குப்பைக்கு. மகள் வளர்ந்ததே அந்தக் கூடை முட்டையில்தான்.

கப்பில் ஒன்றை உடைத்தாள். மஞ்சள் கரு உருண்டு நின்றது. பாத்திரத்தில் ஊற்றினாள். அடுத்தது, அதுவும் நல்லது. அதற்கடுத்ததும்.

"என்னக்கா, எல்லாமே நல்லாத்தான் இருக்கு? இதையெல்லாம் ஏன் ஒதுக்கினீங்க?"

"நிழல் தட்டுச்சு, ஒதுக்கினேன். ஓட்டுல கோழிச் சாணி ஒட்டியிருக்கும், இல்ல ஓடு தடிச்சிருக்கும். வெளக்குக்கு அதுவும் நிழல்தான். இது பக்கத்துப் பண்ணைப் பெட்டிடி, நேத்துப் போட்ட முட்டை. இதுல எங்க இருந்து வரும் கூமுட்டை? பெட்டிக்கு ஒண்ணு கெட்டிருந்தா அதிசயம். நான் ஒதுக்கறதுல முக்காவாசிக்கு மேல நல்லதாத்தான் இருக்கும்."

"அப்ப தூரத்துப் பண்ணைப் பெட்டி?"

"ஐயோ, அது வெயில்ல வெந்து வர்ற பெட்டி! அதுல ஒதுக்கினத உடைச்சா தெருவே மூக்கப் பொத்தும். அதுல வெளக்கு நல்லதுன்னு சொன்னதையே நான் முழுசா நம்ப மாட்டேன். பேக்கரிக்காரன்கிட்ட சொல்லித்தான் குடுப்பேன், எதுக்கும் கப்புல தனித்தனியா ஒடச்சு ஊத்துப்பான்னு."

"அதே வெளக்குதானே?"

"அதே வெளக்கு. அதே கண்ணு. முட்டை எந்தப் பெட்டியில வந்துதுன்னு தெரியாம வெளக்கு சொல்றத மட்டும் வச்சுக்கிட்டு என்..."

அங்கேயே நிறுத்தினாள். கையில் ஒரு முட்டை, கப்பின் விளிம்பில் தட்டப்போன நிலையில் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஊசியை எங்கே குத்தினேன் என்று தெரியவில்லை.

"அடியே," என்றாள் மெதுவாக. "அந்தப் பொண்ணு பதினோரு பேர்ல ஒருத்தர்னு சொன்னாளே..."

"ஆமாக்கா."

"எனக்கு இருமல் இல்ல. காய்ச்சல் இல்ல. நான் லாரியிலயும் ஏறினதில்ல. குண்டுக்கட்டையா உட்கார்ந்திருக்கேன். அப்ப நான் பக்கத்துப் பண்ணைப் பெட்டிதானடி?"

"சாணி ஒட்டின முட்டைதான்க்கா நீங்க!"

முதலில் மூக்கால் சிரித்தாள். அப்புறம் வாயைக் கட்டியிருந்த துணி நனைகிற அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மீன்காரர் மழையில் ஓடி வந்து எட்டிப் பார்த்து, "என்னாச்சு, என்னாச்சு?" என்றார். "ஒண்ணுமில்லய்யா, அக்கா உசுரோட இருக்காங்க," என்றேன்.

"ஆனாலும் ஒடச்சுப் பார்க்கற வரைக்கும் சொல்ல முடியாது," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சளி முடிவு வரட்டும். பயம் இருக்குடி. ஆனா நேத்து இருந்த பயம் இல்ல."

ஆம்லெட் தட்டுக்கு வந்தது. இரண்டு நாளாக ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தவள் அன்றைக்கு ஆசையாகச் சாப்பிட்டாள். அப்போதுதான் முன்கடையில் மாமா வந்து பெட்டி இறக்குகிற சத்தம் கேட்டது. கூடவே இருமல். ஒன்று, இரண்டு, நிற்கவில்லை, தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது.

அக்காவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"உங்க மாமா எந்தப் பெட்டிடி?" என்றாள்.

நாங்கள் இருவரும் எழுந்து முன்கடைக்குப் போனோம். மாமா நனைந்த சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தினமும் பார்க்கிற முகம் என்பதால் தெரியாமல் போயிருக்கிறது. கன்னம் ஒட்டியிருந்தது. நான் தைத்துக் கொடுத்த சட்டை அது, அளவு எனக்குத் தெரியும். தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எத்தன நாளா இருமறீங்க?" என்றாள் அக்கா.

"வைக்கோல் தூசி..."

"தூசி வெளிய இருக்கு. நான் உள்ள இருக்கறதக் கேக்கறேன். சாயங்காலமானா போர்வை கேக்கறீங்களே, அதுவும் தூசியா? அந்த டிரைவர்கூட ஜன்னல மூடிக்கிட்டு எத்தன வாரம் போய் வந்தீங்க?"

"ஏம்மா, எனக்குத்தான் சுத்தம்னு வந்துருச்சே! படமே சொல்லிருச்சு."

"படம் சொல்லிருச்சு! நீங்க எந்தப் பெட்டியில வந்த ஆளுன்னு படத்துக்கு யாராவது சொன்னாங்களா? இருமல் இல்லேன்னு பொய் சொல்லிட்டு வந்தீங்கள்ல?"

"பொய்யா? வந்தத அடக்கிக்கிட்டேன், அவ்வளவுதான்."

"எழுந்திரிங்க, ஆஸ்பத்திரிக்கு."

"உனக்கு நிழல்னதும் என்னையும் சேத்து இழுக்கப் பாக்குறியா? நான் வரமாட்டேன். நாளைக்குப் பொண்ணு வீட்டுக்குப் போகணும் நான்."

"இந்த நெஞ்ச வச்சுக்கிட்டா? பச்ச மண்ணத் தூக்கி அது மூஞ்சிக்கு நேரா இருமறதுக்கா?"

மாமா எழுந்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு, "குடை எங்க?" என்றார்.

டாக்டரம்மா மாமாவின் முதுகைத் தட்டிப் பார்த்தாள், கேள்வி கேட்டாள். இந்தத் தடவை மறைக்க வழியில்லை, பக்கத்தில் அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். எடை போட்டார்கள். லாரிக் கதையைக் கேட்டபோது டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"படம் சுத்தம்தான். ஆனா உங்கள மாதிரி வாரக்கணக்கா இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் இருந்து, நோய்க்காரரோட மூடின வண்டியில போய் வந்தவங்க பத்துப் பேர் வந்தா, மூணு நாலு பேருக்கு நோய் இருக்கும். ஆரம்பத்துல படத்துக்குத் தெரியாமலும் போகும். அதனால படம் நல்லதுன்னு சொன்னாலும் உங்கள நான் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். சளி குடுத்துட்டுப் போங்க. முடிவு வர்ற வரைக்கும் குழந்தை இருக்கற பக்கம் போகக்கூடாது."

"தங்கம்..." என்று காதில் கிசுகிசுத்தேன்.

"சும்மா இரு கொழுந்தியா," என்றார். ஆனால் சிரிக்க முயற்சி செய்தார், பாவம்.

முடிவுகள் வந்த காலையில் மழை விட்டிருந்தது. அக்காவுக்குச் சளி சுத்தம். அந்த நிழல் சின்ன வயதில் வந்த நிமோனியா விட்டுப்போன தழும்பாம். மாமாவுக்கு டி.பி. இருந்தது. ஆரம்பம்தான், ஆறு மாதம் மருந்து தவறாமல் சாப்பிட்டால் முழுக்கக் குணமாகிவிடும் என்றாள் டாக்டரம்மா. முதல் சில வாரம் மட்டும் தள்ளி இருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்ததால் அக்காவை இன்னும் கொஞ்ச மாதம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும் என்றாள். எதிர்க்கடை வாசலே கதியென்று கிடந்ததால் என்னையும் சோதித்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை.

அக்கா சந்தோஷப்படவா அழவா என்று தெரியாமல் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாள். அதற்குள் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து போன், மகளுக்கு வலி கண்டுவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். பெட்டி இறக்குகிற வேலை, விளக்குப் பெட்டி எல்லாம் என் தலையில். நான் அன்றைக்கு ஒதுக்கின முட்டையில் ஊரே ஆம்லெட் சாப்பிட்டிருக்கலாம்.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலையில் நான் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மகள் வீட்டுக் கீழ்த்தள அறைக்குத் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு, கண்ணாடி போட்டது. மாமா மாஸ்க்கோடு தெருவிலேயே நின்றார். அக்கா உள்ளேயிருந்து பிள்ளையைக் கொண்டுவந்தாள். துணிச் சுருளுக்குள் பேரிக்காய் அளவில் ஒரு முகம், கண் இறுக்க மூடியிருந்தது.

மாமா கண்ணாடியில் கையை வைக்கப் போய், வைக்காமல் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"யார் ஜாடைடி?" என்று கத்தினார்.

"மூக்கு என்னுது," என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "பிடிவாதம் உங்களுது. ராத்திரியெல்லாம் தூங்க விடல."

மாமா சிரித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "கொழுந்தியா," என்றார் என்னிடம், "நான் பாட்டுக்கு அன்னைக்கு இங்க வந்து தூக்கியிருப்பேன். கொஞ்சியிருப்பேன். முத்தம் குடுத்திருப்பேன்." மாஸ்க்குக்கு மேலே கண் தளும்பிவிட்டது. இந்த மனிதருக்கு ஆறுதல் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை, கிண்டல் பண்ணித்தான் பழக்கம். அவர் தோளில் கை வைத்தேன்.

மகள் எழுந்து வந்து அக்காவின் பக்கத்தில் நின்றாள். "அப்பா, பேரு இன்னும் வைக்கல. நீங்க வந்து கையில வாங்குங்க, அப்பத்தான் பேரு. அதுவரைக்கும் பாப்பாதான்."

"மருந்து சாப்பிட்டீங்களா?" என்றாள் அக்கா.

"இன்னும் இல்ல. கல்லு மாதிரி பெரிசு பெரிசா இருக்கு. கசக்குது."

"பையில இருக்கா?"

இருந்தது. என்னிடம் தண்ணீர் பாட்டில் வாங்கினார். மாஸ்க்கை இறக்கிக்கொண்டு, ஜன்னலை விட்டு நாலடி தள்ளிப் போய் நின்றார். மாத்திரைகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, பேத்தியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் விழுங்கினார். விழுங்கிவிட்டு, ஜன்னலுக்கு நேராக, சின்னப் பிள்ளை மாதிரி வாயை ஆவென்று திறந்து காட்டினார்.

"நாக்கத் தூக்குங்க," என்றாள் அக்கா.

தூக்கினார்.